டிரங்க் போர்டில் நான் கற்றுக்கொடுத்த மூச்சு

என் தம்பி மகள் வித்யா கல்கத்தாவின் நியூ டவுனில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்குரியாவில் என்னைப் பார்க்க வந்தவள், ஆபீசில் நடந்த ஒரு பயிற்சியைப் பற்றிச் சொன்னாள். பெங்களூரிலிருந்து ஒரு கோச் வந்தாராம். மேனேஜர்களையெல்லாம் வட்டமாக உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, மூச்சு உடம்பில் எங்கே தட்டுகிறது என்று கவனிக்கச் சொன்னாராம். கோபமான வாடிக்கையாளரோடு பேசும்போது வாயைக் கவனிப்பதற்கு முன்னால் வயிற்றைக் கவனியுங்கள் என்றாராம். "ரொம்பப் புதுசா இருந்தது அத்தை" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டாள். சொல்ல ஆரம்பித்தேன், காபி ஆறிப்போனது. முழுவதையும் கேட்டுவிட்டு, இதை எழுதி வை என்றாள். எழுதுகிறேன். கொஞ்சம் பெருமையடித்துக்கொள்வது போல இருந்தால் இருக்கட்டும். பெருமைப்பட எனக்குக் காரணம் இருக்கிறது.

அறுபதுகளின் கடைசியில் கல்கத்தாவில் ஒரு டிரங்க் எக்ஸ்சேஞ்சில் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். அப்பாவுக்கு ஹவுராவில் ரயில்வே உத்தியோகம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அவர் வந்து சேர்ந்த ஊரில்தான் நானும் தம்பியும் பிறந்தோம். வீட்டில் தமிழ், தெருவில் வங்காளி, பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம், அம்மா காய்கறிக்காரனிடம் பேசியது இந்தி. நாலு மொழி தடையில்லாமல் வந்ததால் நேர்முகத் தேர்வில் என்னை உடனே எடுத்துக்கொண்டார்கள். சான்றிதழில் ராஜலட்சுமி என்று இருந்தாலும், சேர்ந்த ஒரு வாரத்தில் எல்லோருக்கும் நான் 'லொக்கிதி' ஆகிவிட்டேன். லட்சுமியை வங்காளிகள் லொக்கி என்பார்கள். தி என்றால் அக்கா.

இன்றைக்கு இருப்பவர்களுக்கு டிரங்க் போர்டு என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். வெளியூருக்குப் போன் பேச வேண்டுமென்றால் நேராக எண்ணைச் சுழற்ற முடியாது. எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டு, இந்த ஊர், இந்த எண் வேண்டும் என்று பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். சாதாரண டிரங்க் கால் என்றால் மணிக்கணக்கில் காத்திருக்கலாம். அர்ஜெண்ட் என்றால் கொஞ்சம் சீக்கிரம். லைட்னிங் என்றால் எல்லாவற்றுக்கும் முன்னால். அந்தப் பக்கத்து ஊரையும் இந்தப் பக்கத்து மனிதரையும் சேர்த்துவைப்பது எங்கள் கை. ஒரு பெரிய கூடத்தில், மரத்தால் ஆன உயரமான போர்டுகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் அடுக்கடுக்காக ஓட்டைகள், ஓட்டைக்கு மேல் சின்ன விளக்கு. விளக்கு எரிந்தால் யாரோ கூப்பிடுகிறார்கள். பிளக்கைச் செருக வேண்டும், முன்னால் இருக்கும் சின்ன சுவிட்சை, அதை நாங்கள் கீ என்போம், தள்ள வேண்டும், பேச வேண்டும். இன்னொரு பிளக்கை எடுத்து வெளியூர் லைனில் செருக வேண்டும். டிக்கெட் என்ற கட்டணச் சீட்டில் நேரம் குறிக்க வேண்டும். இதெல்லாம் நடக்கும்போதே பக்கத்தில் இன்னும் நாலு விளக்கு எரியத் தொடங்கியிருக்கும்.

தலையில் ஹெட்செட். ஒரு காதுக்குத்தான் ரிசீவர். பேசுவதற்கு மார்பில் கொம்பு மாதிரி ஒரு ஹார்ன் தொங்கும். அந்தக் கொம்புக்குள் குரல் விழ வேண்டுமென்று எல்லோரும் கழுத்தைக் குனிந்தே பேசுவோம். ஷிப்ட் முடியும்போது கூடத்திலிருந்து வெளியே வருகிற பெண்களைப் பார்த்தால், ஏதோ பாரம் சுமந்துவிட்டு வருவது போலத் தோள் தூக்கிக்கொண்டிருக்கும்.

எங்கள் சீஃப் சூப்பர்வைசர் மிசஸ் ஹாரிஸ். ஆங்கிலோ இந்தியர். வெள்ளைக்காரன் காலத்திலேயே சின்னப் பெண்ணாக வேலைக்குச் சேர்ந்தவர். எப்போதும் இஸ்திரி போட்ட பாவாடைச் சட்டை, கழுத்தில் மெல்லிய சிலுவை. அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. தப்பு செய்கிற பெண்ணின் பின்னால் வந்து, நாற்காலியின் முதுகில் இரண்டு விரலை மட்டும் வைப்பார். அந்த அதிர்வு நமக்குத் தெரிந்துவிடும். பிறகு காதருகே, "மறுபடியும், மிஸ்" என்பார். அவ்வளவுதான். எது தப்பு என்று சொல்ல மாட்டார். நாமே கண்டுபிடித்துத் திருத்திச் சொன்னால் விரல்கள் அகன்றுவிடும். யாரையும் அவர் பாராட்டியதாக எனக்கு நினைவில்லை. பாராட்டாமல் நகர்ந்துபோவதே பாராட்டு என்று எங்களுக்குள் வைத்திருந்தோம். குரலில் புன்னகை இருக்க வேண்டும் என்பது அவருடைய ஒரே வேதம். "சப்ஸ்கிரைபருக்கு உங்கள் முகம் தெரியாது. ஆனால் நீங்கள் சிரிக்காவிட்டால் தெரியும்" என்பார்.

நானும் சிரித்துச் சிரித்துப் பேசினேன். முதல் குளிர்காலத்திலேயே என் குரல் போய்விட்டது.

சளி இல்லை, காய்ச்சல் இல்லை. காலையில் நன்றாக இருக்கும். மத்தியானத்துக்குள் தொண்டை கட்டி, காற்றுதான் வரும். டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, தொண்டையில் ஒன்றும் இல்லை, பேசாமல் இரு என்றார். பேசுவதற்குத்தான் சம்பளம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது. லீவு போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தேன். வேலை போய்விடும் என்று அம்மா சாமிக்குக் காசு முடிந்துவைத்தாள்.

அந்தச் சமயத்தில் பக்கத்து வீட்டு மினுதி என்னை ஏரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்குரியா ஏரியில் ஒரு நீச்சல் கிளப், காலையில் பெண்களுக்கென்று தனி நேரம். "கல்யாணம் ஆக வேண்டிய பொண்ணு ஏரியில குதிக்கவா போறா?" என்று அம்மா கேட்டாள். அப்பா பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், போகட்டும் என்றார்.

அங்கே நீச்சல் சொல்லிக்கொடுத்தவர் அணிமாதி. ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சர். இளம் வயதில் போட்டிகளில் நீந்தியவர். நான் தண்ணீரில் இறங்கியதும் தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டு, வாயை இறுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மரக்கட்டை மாதிரி நின்றேன். அணிமாதி என்னைத் திட்டவில்லை. தண்ணீருக்குள் முகத்தை வைத்து மூச்சை வெளியே விடச் சொன்னார். நான் உள்ளே இழுக்கத்தான் பார்த்தேன். அப்போது அவர் சொன்னதை இன்றும் அப்படியே சொல்ல முடியும். "நீ தண்ணிக்குப் பயப்படலை. மூச்சை விடப் பயப்படறே. முதல்ல விடு. உள்ள வர்றது தானா வரும்."

விட்டேன். முகத்தைச் சுற்றிக் குமிழிகள் போயின. தோள் தானாகக் கீழே இறங்கியது. இறங்கிய பிறகுதான் அது இவ்வளவு நாளும் மேலே இருந்தது என்பதே எனக்குத் தெரிந்தது.

வேலைக்குத் திரும்பிய அன்று போர்டில் உட்கார்ந்ததும் அதே விறைப்பை உணர்ந்தேன். விளக்கு எரிந்தால் நான் மூச்சைப் பிடிக்கிறேன். பிளக்கைச் செருகும்போது தோள் ஏறுகிறது. சிரிக்க வேண்டும் என்று தாடையை இறுக்கிக்கொண்டு, அந்த இறுக்கத்தின் வழியாகக் குரலைத் தள்ளுகிறேன். ஏரியில் செய்ததையே செய்தேன். விளக்கு எரிந்ததும் முதலில் மூச்சை வெளியே விட்டேன், பிறகு கீயைத் தள்ளினேன். கழுத்தைக் கொம்புக்குக் கொண்டுபோகாமல், கொம்பின் பட்டையை ஏற்றிக் கட்டி அதை என் வாய்க்குக் கொண்டுவந்தேன். அந்த வாரம் முழுவதும் குரல் போகவில்லை. அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை ஒருநாளும் போகவில்லை.

சில வருஷங்கள் கழித்துப் புதுப் பெண்களைப் பழக்கும் வேலைக்கு மிசஸ் ஹாரிஸ் என்னைப் போட்டார். காரணம் கேட்டபோது, ஷிப்டின் கடைசியிலும் உங்கள் குரல் காலைக் குரலாகவே இருக்கிறது என்றார். அதை எப்படிச் செய்கிறேன் என்று கேட்கவில்லை.

நான் அதையே சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். பயிற்சி அறையில் விளக்கும் பிளக்கும் உள்ள ஒரு பொம்மை போர்டு இருந்தது. வழக்கமாகப் புதுப் பெண்கள் சொற்றொடர்களை மனப்பாடம் செய்வார்கள். நான் அதற்கு முன்னால் அவர்களைச் சும்மா உட்காரவைத்து விளக்கை மட்டும் எரியவிடுவேன். எரியும்போது உடம்பில் எங்கே என்ன நடந்தது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். ஒருத்தி பல்லைக் கடித்தேன் என்பாள். ஒருத்தி கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கினேன் என்பாள். பெரும்பாலானவர்கள் ஒன்றுமே நடக்கவில்லை என்பார்கள். நான் திருத்த மாட்டேன். நிமிர்ந்து உட்கார் என்று சொன்னால் நிமிர்வார்கள், அதில் புதிதாக ஒரு விறைப்பு சேரும். தானே கண்டுபிடித்தால்தான் தானே விடுவாள். அதனால் கேள்வி மட்டும் கேட்பேன், மறுபடி விளக்கை எரியவிடுவேன்.

மிசஸ் ஹாரிஸ் கதவருகே நின்று ஒருநாள் இதைப் பார்த்தார். பெண்கள் போன பிறகு உள்ளே வந்தார். இது எக்ஸ்சேஞ்ச், உடற்பயிற்சிக் கூடம் இல்லை என்றார். பெண்கள் தங்கள் தோளைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தால் சப்ஸ்கிரைபரைப் பற்றி யார் யோசிப்பது என்று கேட்டார். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டு, "ரிசல்ட் காட்டுங்கள், மிஸ். விளக்கம் வேண்டாம்" என்றார். தடுக்கவில்லை, ஆனால் நம்பவும் இல்லை. இப்படியே இரண்டு மூன்று பேட்ச் போனது. என் பெண்கள் போர்டில் நன்றாகவே செய்தார்கள்.

பிறகு ஷிப்ரா வந்தாள்.

ஷிப்ரா ஜாதவ்பூர் காலனிப் பெண். அவள் குடும்பம் எல்லைக்கு அந்தப் பக்கம், கிழக்கு வங்காளத்திலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தது. மிகவும் குள்ளம். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருப்பாள். வேறொரு எக்ஸ்சேஞ்சில் பயிற்சி முடித்து எங்களிடம் வந்தவள் என்பதால் என் கை படவில்லை. ஓய்வறையில் தன் பொரியைப் பத்துப் பேருக்குப் பங்குவைப்பாள். எதிரே வருகிறவர் மேல் இடித்துவிட்டால், இடித்தது அவரானாலும் இவள் மன்னிப்பு கேட்பாள். அப்படிப்பட்ட பெண்ணைப் பற்றிப் புகார்மேல் புகார் வந்தது. திமிராகப் பேசுகிறாள், எரிந்து விழுகிறாள், பிச்சைக்காரனை விரட்டுவது போல விரட்டுகிறாள் என்று சப்ஸ்கிரைபர்கள் சொன்னார்கள். ஒரு பெரிய டாக்டர் நேரிலேயே வந்து, இந்தப் பெண்ணுக்கு மரியாதை தெரியாது என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் இன்னும் நிரந்தரமாகவில்லை. இப்படியே போனால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான்.

ஓய்வறையில் என்னிடம் வந்து அழுதாள். தான் யாரையும் ஒரு வார்த்தை கூடத் தப்பாகச் சொல்லவில்லை என்றாள். ஆபரேட்டர்கள் பேசுவதைக் கேட்பதற்கென்று இருந்த மானிட்டர் மேஜையில் உட்கார்ந்து, அவள் பேசுவதைக் கேட்டேன். அவள் சொன்னது உண்மை. வார்த்தைகள் ஒவ்வொன்றும் புத்தகத்தில் உள்ளபடி. "தயவுசெய்து காத்திருங்கள்" என்றுதான் சொன்னாள். ஆனால் அந்தத் தயவுசெய்து என் காதிலேயே அறைந்தது. ஒவ்வொரு வாக்கியமும் வெட்டி வெட்டி, மேலிருந்து விழுந்தது. எனக்கே கோபம் வந்தது என்றால் சப்ஸ்கிரைபருக்கு வராதா.

மிசஸ் ஹாரிஸ் சொன்னார், இது சுபாவம், மாற்ற முடியாது. இல்லை மேடம், இவள் சுபாவம் இதற்கு நேர் எதிர் என்றேன். என்னிடம் கொடுங்கள் என்று கேட்டேன். டிவிஷனல் இன்ஜினியர் சன்யால் அவளை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று முடிவு செய்ய, தானே வந்து உட்கார்ந்து கேட்கப்போவதாகச் சொல்லியிருந்தார். அதற்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. அதுவரை காலையில் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் மிசஸ் ஹாரிஸ். "எனக்கு ஒரு கருத்தும் இல்லை. அன்றைக்குக் காதுகள் முடிவு செய்யட்டும்" என்றார்.

நான் முதலில் ஹெட்செட்டைக் கழற்றி வைத்தேன். போர்டு வரிசையின் ஓரத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஷிப்ரா பேசுவதைக் கேட்காமல் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கள் நாற்காலிகள் உயரமானவை. போர்டின் மேல் வரிசைவரை கை எட்ட வேண்டும் என்று அப்படிச் செய்திருந்தார்கள். கால் வைக்கக் கீழே ஒரு கம்பி ஓடும். ஷிப்ராவின் கால் அந்தக் கம்பிக்கு எட்டவில்லை. அதனால் இரண்டு பாதங்களையும் நாற்காலிக் கால்களில் கொடி மாதிரி சுற்றிவைத்துக்கொண்டிருந்தாள். இடது கை போர்டின் விளிம்பைப் பிடித்திருந்தது. வலது கையைத் தூக்கிப் பிளக்கைச் செருகும்போதெல்லாம், விழுந்துவிடாமல் இருக்க வயிற்றை இறுக்கினாள். வயிறு இறுகியதும் மூச்சு மார்புக்கு மேல் நின்றுவிட்டது. அந்தச் சின்ன மூச்சில் ஒரு வாக்கியம் சொல்ல இடமில்லை. அதனால் வெட்டி வெட்டி வந்தது.

ஒரு பலகையைப் போட்டுக் கொடுத்திருக்கலாம். உடனே போடவில்லை. தான் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியாதவரை, பலகையில் கால் வைத்தும் அதையேதான் பிடித்துக்கொண்டிருப்பாள்.

பயிற்சி அறையில் அவளைத் தாழ்வான சாதாரண நாற்காலியில் உட்காரவைத்தேன். பாதம் தரையில் முழுதாக இருந்தது. அதே வாக்கியங்களைச் சொல்லச் சொன்னேன். பொரி பங்குவைக்கிற ஷிப்ராவின் குரல் வந்தது. பிறகு உயர நாற்காலியில் ஏற்றினேன். அறைகிற குரல் வந்தது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்றாள். மறுநாளும் இதேதான். அதற்கு மறுநாளும். நான் தன்னை வைத்துக்கொண்டு விளையாடுகிறேன் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். சன்யால் சாஹேப் வரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. சொல்லித் தொலைக்கலாமா என்று எனக்கே நாக்கு அரித்தது.

ஒருநாள் உயர நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, முதல் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தினாள். குனிந்து கீழே பார்த்தாள். பிறகு, யாரோ வேறொருத்தியைப் பற்றிச் சொல்வது போல மெதுவாகச் சொன்னாள்.

"லொக்கிதி, என் கால் நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு இருக்கு."

"அப்புறம்?"

"கை அந்த விளிம்பைப் பிடிச்சிருக்கு. வயிறும் எதையோ பிடிச்சிருக்கு." மறுபடி காலைப் பார்த்துவிட்டு, "நான் தொங்கிக்கிட்டுப் பேசறேன்" என்றாள்.

அன்று மத்தியானமே கேபிள் வந்த பெட்டியின் மரத்தை எடுத்து, எங்கள் தச்சர் அவள் காலுக்கு ஒரு பலகை அடித்துக் கொடுத்தார். கூடத்தில் அதைப் பார்த்த மிசஸ் ஹாரிஸ், வரிசையின் ஒழுங்கு கெடுகிறது என்றார். ஆனால் எடுக்கச் சொல்லவில்லை.

பலகை வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. சாதாரண டிரங்க் கால்கள் சரியாயின. ஆனால் அந்தப் பக்கம் யாராவது சத்தம் போட்டால் போதும், ஷிப்ராவின் பாதம் பலகையை விட்டு மேலே எழும்பிவிடும், பழைய குரல் வந்துவிடும். பயிற்சி அறையில் நானே கோபக்கார சப்ஸ்கிரைபராக நடித்துக் கத்தினேன். நான் கத்தும்போதே அவள் முழங்கால் மார்பை நோக்கி வந்தது. இதை அவள் உடனே கவனித்துவிட்டாள். கவனிக்கும் பழக்கம் வந்திருந்தது. சின்ன வயதில் வீட்டில் அப்பா கத்தினால் கட்டிலின் மேல் காலைத் தூக்கிவைத்து உட்கார்ந்துகொள்வேன், அது இன்னும் போகவில்லை என்றாள். பயத்தை எப்படி விடுவது என்று கேட்டாள்.

எனக்கு அதற்கு விடை தெரியாது. தெரிந்ததைச் சொன்னேன். "பயம் இருந்துட்டுப் போகட்டும். காலை மட்டும் கீழே கொண்டுவா. மூச்சை முதல்ல வெளியே விடு. அதுக்கு எவ்வளவு நேரம் ஆனாலும் அவர் காத்திருப்பார்."

அதையே தினமும் செய்தோம். நான் கத்துவேன். அவள் காலைத் தேடிக் கீழே கொண்டுவருவாள், மூச்சை விடுவாள், பேசுவாள். சில நாள் வந்தது, சில நாள் வரவில்லை.

சன்யால் சாஹேப் வந்தது நல்ல மழைக்காலத்தில். வடக்கே வெள்ளம், சிலிகுரிப் பக்கத்து லைன்கள் காலையிலிருந்தே செத்துக் கிடந்தன. அவரும் மிசஸ் ஹாரிஸும் மானிட்டர் மேஜையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். நான் ஷிப்ராவின் பக்கத்தில் பயிற்சியாளரின் ஹெட்செட்டோடு இருந்தேன். அதில் ஒரு கீ உண்டு. ஆபரேட்டர் தடுமாறினால் அதைத் தள்ளி லைனை நானே எடுத்துக்கொள்ளலாம். எடுத்தால் அவள் கதை முடிந்தது.

முதல் சில டிரங்க் கால்கள் நல்லபடியாகப் போயின. பிறகு ஒரு விளக்கு எரிந்தது. எடுத்ததுமே ஒரு ஆள் கத்தத் தொடங்கினார். காலையிலேயே சிலிகுரிக்கு லைட்னிங் கால் பதிவு செய்தவர். அவர் மகன் அங்கே ஆஸ்பத்திரியில் இருக்கிறான். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோய்விடுவார்கள். அதற்குள் ஒரு வார்த்தை பேச வேண்டும். லைன் இல்லை லைன் இல்லை என்று சொல்லச் சொல்லித்தான் உங்களை உட்காரவைத்திருக்கிறார்களா என்று கேட்டார். அதோடு நிற்கவில்லை. எழுதக் கூடாத வார்த்தைகள் வந்தன.

ஷிப்ராவின் பாதங்கள் பலகையை விட்டு எழும்பின. வாய் திறந்திருந்தது, குரல் இல்லை. லைனில் அந்த மனிதர் ஹலோ ஹலோ என்று அலறினார். என் கை கீயின் மேல் போய்விட்டது. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது பாதம் முதலில் இறங்கியது. விரல்கள் மரத்தைத் தேடித் தொட்டன. பிறகு குதிகால். பிறகு இடது பாதம். விளிம்பைப் பிடித்திருந்த கை தளர்ந்து மடிக்கு வந்தது. அவள் மூச்சு விடுவது என் ரிசீவரிலேயே கேட்டது. நான் கீயிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன்.

"உங்கள் மகன் பேர் என்ன?" என்று கேட்டாள் ஷிப்ரா.

அந்த ஆள் நின்றுவிட்டார். "தபன்" என்றார்.

"தபனுக்காக பாட்னா வழியாகக் கேட்டுப் பார்க்கிறேன். லைனிலேயே இருங்கள். என் சத்தம் கேட்காவிட்டாலும் நான் இங்கேதான் இருப்பேன்."

பாட்னா ஆபரேட்டரைப் பிடித்தாள். அவர் கட்டிஹாரைப் பிடித்தார். கட்டிஹார் சிலிகுரியைப் பிடித்தது. நடுநடுவே அந்த அப்பாவிடம் வந்து, இப்போது பாட்னா கிடைத்துவிட்டது, இப்போது கட்டிஹார் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஆஸ்பத்திரி கிடைத்தது. ஒரு நர்ஸ் பையனைத் தள்ளுவண்டியோடு போன் அருகே கொண்டுவந்தாள். ஆனால் அவ்வளவு ஊர் சுற்றி வந்த லைனில் ஜீவன் இல்லை. ஹலோ என்பதைத் தவிர, அப்பா பேசுவது மகனுக்கும் மகன் பேசுவது அப்பாவுக்கும் கேட்கவில்லை. நடுவில் இருந்த ஷிப்ராவுக்கு மட்டும் இரண்டு பக்கமும் கேட்டது.

"நீங்கள் சொல்லுங்கள், நான் அவனிடம் சொல்கிறேன்" என்றாள்.

அவர் சொன்னார், இவள் சொன்னாள். அப்பா இன்று ராத்திரி வண்டி ஏறுகிறேன். நீ கண் விழிக்கும்போது பக்கத்தில் இருப்பேன். அம்மாவுக்கு ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறாள். பயப்படாதே. புகார்மேல் புகார் வந்த அந்தக் குரலில்தான் தபன் இதையெல்லாம் கேட்டான். அவன் ஏதோ சொன்னான். ஷிப்ரா திரும்பி அப்பாவிடம், "உங்கள் கறுப்புக் குடையை மறக்காமல் எடுத்துவரச் சொல்கிறான், இங்கே மழை அதிகமாம்" என்றாள். அந்த மனிதர் அழுதார். கடைசியில், நன்றாக இரு மா என்றார். அது மகனுக்குச் சொன்னதில்லை.

பிளக்கை எடுத்துவிட்டு, ஷிப்ரா அடுத்த விளக்குக்குப் போய்விட்டாள். சன்யால் சாஹேப் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு எழுந்து வந்தார். நாற்காலியின் கீழே குனிந்து பார்த்து, அந்தப் பலகை எதற்கு என்று மிசஸ் ஹாரிஸிடம் கேட்டார்.

"அது எக்விப்மெண்ட், சார்" என்றார் மிசஸ் ஹாரிஸ்.

ஷிப்ரா நிரந்தரமானாள். அந்த வருஷமே துர்கா பூஜைக்கு முன்னால், காலுக்குக் கம்பி எட்டாத எல்லோருக்கும் பலகை வந்தது. வேறு எக்ஸ்சேஞ்சுகளிலிருந்தும் பெண்களை என்னிடம் அனுப்பத் தொடங்கினார்கள். பின்னால் நேரடி டயலிங் வந்து போர்டுகள் குறைந்தன. விசாரணை, புகார்ப் பிரிவுகளுக்கு வந்த ஆண்களும் பெண்களும் என் அறையில்தான் முதலில் உட்கார்ந்தார்கள். யூனியன் தலைவர் ஒருவர்கூட, கூட்டத்தில் பேசினால் தொண்டை கட்டுகிறது என்று வந்தார். இந்த வேலைக்குப் பேர் எதுவும் கிடையாது. லொக்கிதி கிளாஸ் என்பார்கள்.

மிசஸ் ஹாரிஸிடமிருந்து பாராட்டு வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

அவர் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் முன்பு ஒருநாள், சாயங்கால பேட்ச் கலைந்து, நான் பொம்மை போர்டின் சுவிட்சை அணைத்துக்கொண்டிருந்தேன். அவர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். புதுப் பெண்கள் உட்காரும் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அவர் என் முன்னால் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. கழுத்தைத் திருப்ப முடியவில்லை, பல வருஷமாகவே என்றார். யாராவது கூப்பிட்டால் அவர் முழு உடம்போடு திரும்புவார். அதை நாங்கள் கம்பீரம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். முப்பது வருஷம் ஒரே காதில் ஹெட்செட் மாட்டியவர்.

"ஆரம்பியுங்கள், மிஸ்" என்றார். "எங்கே வலிக்கிறது என்றுதானே முதலில் கேட்பீர்கள்?"

"இல்லை மேடம். எங்கே வலிக்கவில்லை என்று சொல்லுங்கள்."

வெளியே கூடத்தில் பெண்களின் குரல்கள் கேட்டுக்கொண்டிருந்தன. மிசஸ் ஹாரிஸ் மடியில் இருந்த தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தார்.

"கைகள்" என்றார்.

"சரி. அங்கிருந்து ஆரம்பிக்கலாம்" என்றேன்.